சேச்சி வீட்டு முண்டு

எங்கள் ஊர்ப்பக்கம், அதாவது தென்காசிக்குக் கிழக்கே, பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டார்கள். நல்லபடியாக வாழ்ந்த ஒருத்தர் உடுத்தி உடுத்தி, துவைத்துத் துவைத்து நைந்துபோன வேட்டியில்தான் முதலில் ஏந்துவார்கள். புதுசு உடம்பில் குத்தும் என்பது ஒரு காரணம். உடுத்தினவரின் ஆயுசு அந்த நூலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது இன்னொன்று. கையில் காலணா இல்லாதவர்களும் தலை நிமிர்ந்து கொடுக்கக்கூடிய சீர் அது. ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளை பிறந்து அழுத பிறகுதான் துணி கேட்டுப் போகவேண்டும். முன்கூட்டி எதையும் வீட்டில் சேர்க்கக்கூடாது.

அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பயந்துதான் என் தங்கச்சியின் முதல் பேறுகாலத்துக்கு வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நான் கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தது தொண்ணூறுகளில். வீட்டுக்காரருக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடையில் வேலை. கரமனையில் ஆற்றுக்கு இறங்கும் சந்தில் ஓட்டு வீடுகள் வரிசையாக இருக்கும், அதில் ஒன்றில் குடியிருந்தோம். சில வருஷம் கழித்துத் தங்கச்சியையும் இந்தப் பக்கமே கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை கழக்கூட்டத்தில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். பையன்கள் நேரம் காலம் பார்க்காமல் சாப்பிட வந்தார்கள். அவரும் நேரம் காலம் பார்க்காமல் மாவு அடித்தார்.

முதல் பிள்ளை எட்டாம் மாசத்திலேயே வந்துவிட்டது. உயிர் இல்லை. நர்ஸ் வந்து துணி கேட்டபோது எங்கள் யார் கையிலும் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை அடுப்படியிலிருந்து அப்படியே ஓடி வந்தவர், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். அதில் சுற்றித்தான் புதைத்தோம். வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி கேட்டது அந்தத் துணியைப் பற்றித்தான். மாப்பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"எண்ணெயும் மைதாவும் நாறுற துண்டுலயா என் பிள்ளையை அனுப்பினீங்க" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. அதற்கப்புறம் அந்த மனுஷன் குளிக்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மறுபடி உண்டானபோது என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் அம்மா உயிரோடு இல்லை, நான்தான் தாய்வீடு. வந்த கையோடு சொல்லிவிட்டாள்: "எக்கா, இந்தத் தடவை துணியோட போவோம். எது எப்படி ஆனாலும் என் பிள்ளைக்குத் துணி இருக்கணும்."

எது எப்படி ஆனாலும் என்று அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கட்டுப்பாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வீடு வீடாகக் கேட்டுப் போனேன்.

அக்ரகாரத்து மாமி ஒருத்தி. அவள் வீட்டில் வடாம் பிழிய நான் ஒத்தாசைக்குப் போவேன். பழைய ஒன்பது கஜப் புடவையை எடுத்து வைத்து, "பஞ்சாட்டமா இருக்கும்டி. திருப்பிக் கொண்டு வந்தியோ, பேசமாட்டேன்" என்றாள். முக்கில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுகிற அண்ணாச்சி, தருவதற்குத் தன்னிடம் துணி இல்லை, எல்லாம் ஊரார் துணிதான் என்று சிரித்தார். சேர்ந்ததையெல்லாம் சும்மாவே தேய்த்துத் தந்தார். பிள்ளை வந்து தன்னைப் பார்த்து ஒரு தடவை சிரித்தால் கூலி தீர்ந்தது என்று சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட பேச்சுகளைக் கேட்டால் எனக்கு அன்றைக்கு முழுவதும் மனசு நிறைந்திருக்கும்.

பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் நான் கேட்கவில்லை. மலையாளத்துக்காரி, தனிக்கட்டை, புருஷன் பஸ் டிரைவராக இருந்து இறந்துபோனவர். அவளாகவே தகரப்பெட்டியைத் திறந்து அவர் உடுத்திய முண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். முண்டு என்றால் நம் வேட்டிதான். கரை வெளுத்து, கையில் வைத்தால் இருப்பதே தெரியவில்லை. "உடுத்த ஆளு போயி மோளே. ஆனா போற வரைக்கும் ஒரு தலைவேதனைன்னு படுத்ததில்லை" என்று பாதித் தமிழில் சொன்னாள்.

எனக்குத் திக்கென்றது. இறந்தவர் துணியை எங்கள் ஆட்கள் பிள்ளைக்கு எடுக்கமாட்டார்கள். அவள் போனபிறகு அதை அடியில் வைக்கப் போனேன். தங்கச்சி பிடுங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "நல்லா வாழ்ந்து போன மனுஷன்தானே. இதுதான் முதல்ல" என்றாள். அவளே ஆற்றுக்குக் கொண்டுபோய் அலசிக் காயப்போட்டாள்.

வலி வந்தது ஒரு காலை நேரம். பிரசவ வார்டுக்கு வெளியே நாங்கள் எல்லோரும் பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாத் தலையும் திரும்பும். நர்ஸ் பெயரைக் கூப்பிட்டுத் துணி கேட்டால் பிள்ளை பிறந்தாயிற்று என்று அர்த்தம். வெளியே காத்திருக்கிறவர்களுக்குள் அது எழுதாத சட்டம்.

மத்தியானம் கதவு திறந்தது. தங்கச்சி பெயரைச் சொல்லி, "துணி உண்டோ?" என்றாள் நர்ஸ். பையிலிருந்து முண்டை எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் காத்திருந்த வேறொரு வீட்டு அம்மா என் தோளைத் தட்டி, இனி அழாதே, ஆச்சு என்றாள். மாப்பிள்ளை மிட்டாய் வாங்க ஓடிவிட்டார். அந்த ஆள் அப்படி ஓடி அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

உயிரில்லாத பிள்ளைக்கும் துணி கேட்பார்கள் என்பது, முன்னால் ஒரு தடவை கொடுத்த எங்களுக்கே அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

மறுபடி கதவு திறந்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். இல்லாததால் நான் போனேன். நர்ஸ் பிள்ளையை என் கையில் வைத்தாள். பெண்பிள்ளை. முகம் மட்டும் தெரிய, கழுத்துவரை முண்டு. கனம் இருந்தது. நான் சுவரோடு நின்றுகொண்டிருந்தபோது மாப்பிள்ளை காகிதப் பொட்டலத்தோடு படியேறி வந்தார். என் முகத்தைப் பார்த்தார். பொட்டலத்தை அந்த அம்மாவிடம் கொடுத்து, "உங்க வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபிறகு தங்கச்சி என்னிடம் கேட்டது ஒன்றுதான், எந்தத் துணி என்று. சொன்னேன். கையில் வாங்கினபோது எப்படி இருந்தது என்றாள். மெத்தென்று இருந்தது என்றேன். சரி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆனால் குழாயடி வாய் சும்மா இருக்குமா. செத்தவர் துணியை யாராவது சிசுவுக்குக் கொடுப்பார்களா என்று எங்கள் ஊர்க்காரி ஒருத்தியே ஆரம்பித்தாள். சேச்சி குடத்தோடு பின்னால் நின்றிருக்கிறாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். அன்றிலிருந்து அவள் வீட்டுக் கதவு பகலிலும் சாத்தியே கிடந்தது.

தங்கச்சிக்குப் பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாகி, காய்ச்சல் வந்து, ரவிக்கை நனைந்து நனைந்து காய்ந்தது. குடிக்க ஆள் இல்லை என்று உடம்புக்கு யார் போய்ச் சொல்வது. டாக்டர் கொடுத்த மாத்திரையோடு, மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று மாமி சொன்னாள். பிள்ளைக்கென்று மாமி தந்த புடவையையே நீளமாகக் கிழித்தேன். பூ எங்கள் வரிசையில் சேச்சியின் வேலியில் மட்டும்தான் உண்டு. போய்க் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் வாழையிலையில் பூவோடு வந்து நின்றாள். தங்கச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. பூவை மார்பில் பரப்பி, கிழித்த புடவையைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். முடிச்சுப் போடும்போது தங்கச்சி சொன்னாள்: "முண்டு நல்லா மெத்துன்னு இருந்துச்சாம் சேச்சி. அக்கா சொன்னா. என் பிள்ளைக்கு அது ஒண்ணுதான் கிடைச்சுது."

சேச்சி போட்ட முடிச்சை அவிழ்த்து, இறுக்கம் குறைத்து, மறுபடி போட்டாள்.

தினமும் சாயங்காலம் வந்தாள். வாடின பூவை எடுத்துவிட்டுப் புதுசு வைத்துக் கட்டுவாள். கட்டும்போது அவள் புருஷனைப் பற்றி ஏதாவது சொல்வாள். மழையில் பொன்முடி மலைச் சாலையில் பஸ் ஓட்டினது, சம்பள நாளில் அவல் வாங்கி வந்தது, அந்த மாதிரி. தங்கச்சி ம் போடுவாள். வீட்டில் அவள் வாயிலிருந்து சத்தம் வந்தது அந்த நேரம் மட்டும்தான்.

ஒருநாள் காலையில் எனக்குத் தெரிந்துவிட்டது. ரவிக்கை காய்ந்திருந்தது, மார்பு இளகிவிட்டது. பால் நின்றுபோயிற்று. தங்கச்சி கட்டை அவிழ்த்து மடித்து வைத்தாள். சாயங்காலம் வேலிப்பக்கம் சேச்சி பூப்பறிக்கிற சத்தம் கேட்டது. இனி வேண்டாம் என்று சொல்ல நான் எழுந்தேன். தங்கச்சி என் சேலை முந்தியைப் பிடித்து உட்காரவைத்தாள்.

சேச்சி இலையோடு உள்ளே வந்தாள். மடித்து வைத்திருந்த துணியைத் தங்கச்சியே எடுத்து நீட்டினாள். சேச்சி சுற்றிக் கட்டி முடிக்கிற வரைக்கும், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.