புயல் நாளில் வேலைக்குப் போகிறவர்கள்

மொரீஷியசில் புயல் வந்தால் வேலைக்கு விடுமுறை. இதை நம்பவே எனக்கு வெகுநாள் பிடித்தது. நான் இங்கே தையல் ஆலைக்கு வந்த புதிதில் ஒரு நாள், ரேடியோவில் 'க்ளாஸ் த்ருவா' என்று மூன்றாம் எச்சரிக்கை சொன்னார்கள். உடனே மெஷின்கள் எல்லாம் நின்றன. பெண்கள் சிரித்துப் பேசியபடி ரொட்டியும் மெழுகுவர்த்தியும் வாங்கக் கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வந்து, "நீ போகவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "புயல்தானே வருகிறது சார், அடுத்த ஷிப்டும் பார்க்கிறேன்" என்றேன். ஓவர்டைமுக்கு அலைகிறேன் என்று நினைத்துவிட்டார் மனுஷன். காசுக்காக உயிரை விடாதே என்று எல்லோர் முன்பும் புத்தி சொன்னார். எனக்கு மானமே போயிற்று. நான் நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய மந்தாரக்குப்பத்துக்காரி. எங்கள் ஊரில் புயல் என்றால் வேலைக்கு ஓடுகிற நாள் என்பதை அவருக்கு எந்த பாஷையில் சொல்வது?

நெய்வேலியில் இருந்தவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கார்த்திகையில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் கடலூரில் படகுகளைக் கரையேற்றுவார்கள். எங்கள் ஆண்கள் பள்ளத்துக்குள் இறங்குவார்கள். மைன்ஸ் என்றால் குகை அல்ல, ஒரு ஊரையே தோண்டி எடுத்ததுபோலத் திறந்து கிடக்கும் பள்ளம். வானத்துத் தண்ணீர் அதில்தான் விழும். நிலக்கரிக்கு அடியில் ஊற்றுத் தண்ணீரும் மேலே வர முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் பம்பு நிற்கவே கூடாது. என் வீட்டுக்காரர் சூசை அந்தப் பம்பு வேலையில் கான்ட்ராக்ட் ஆள். மழை இருட்டினால் நான் கேரியரில் இரண்டு வேளைச் சோறு அடைப்பேன், மாற்று ஆள் எப்போது வந்து சேருவான் என்று யாருக்குத் தெரியும்?

அந்த வருஷம் டிசம்பரில் ஒரே சமயத்தில் இரண்டு புயல்கள். கேன்டீன் டிவியில் காட்டினார்கள். பூமத்திய ரேகைக்கு மேலே வெள்ளையாக ஒன்று, கீழே வெள்ளையாக ஒன்று. மேலே இருந்தது கடலூரைப் பார்த்துப் போனது. கீழே இருந்தது எங்களைப் பார்த்து வந்தது. ஊரில் எங்கள் தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு சூசையைக் கூப்பிடச் சொன்னேன்.

"காத்து புடிச்சிடுச்சி. ஜீப்பு வந்து நின்னுக்கினு கீது, நான் கெளம்புறேன்" என்றார்.

"இன்னிக்கி ஒரு நாளு போவாதீங்க. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க."

"நல்லா சொன்ன போ! பர்மனென்ட்டுக்குப் பேரு எடுக்கற நேரம். இப்பப் போயி வூட்ல பட்த்துக்கினா எவன் நம்மள எடுப்பான்?"

நான் பதில் சொல்வதற்குள் லைன் செத்துவிட்டது. மறுபடி மறுபடி சுற்றினேன், 'ஙொய்' என்ற சத்தம்தான். ஏசுவே, இந்த மனுஷனைக் காப்பாற்று என்று வாய்விட்டே அழுதேன்.

மறுநாள் இங்கே நான்காம் எச்சரிக்கை. எங்கள் விடுதி தகரக் கூரை என்பதால் பக்கத்துக் கான்கிரீட் வீடுகளுக்கு எங்களைப் பிரித்து அனுப்பினார்கள். நான் போனது மர்தாய் என்பவள் வீட்டுக்கு, அந்தக் காலத்தில் கரும்பு வெட்ட வந்த தமிழர் வம்சம். முகத்தைப் பார்த்தால் விருத்தாசலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள்போல இருந்தாள், தமிழ் மட்டும் ஒரு சொல் வராது. பகலிலேயே வீடு இருட்டிவிட்டது. ஜன்னல்களுக்குப் பலகை அடித்து, வாசற்கதவுக்கு மேலும் கீழும் தாழ் போட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். நான் எழுந்துபோய் இரண்டு தாழையும் நீக்கினேன். யோசித்துச் செய்யவில்லை. எங்கள் தெருவில் ஆம்பிளை ஷிப்டில் இருக்கும்போது எந்தப் பெண்ணும் உள்தாழ் போடமாட்டாள், கதவைச் சும்மா சாத்தித்தான் வைப்பாள். தாழ் போட்டால் அவன் திரும்ப வரமாட்டான் என்று ஒரு பயம்.

காற்று கதவைப் பிய்த்துக்கொண்டு திறந்தது. மழை கூடம் முழுக்க அறைந்தது. "ஃபெர்ம் லாபோர்த்!" என்று கத்திக்கொண்டு மர்தாய் ஓடிவந்தாள். கதவைச் சாத்து என்பது புரிந்தது. எனக்குத் தெரிந்த கொஞ்சம் இந்த ஊர் கிரியோல் பாஷையில், "என் புருஷன், வேலை, இன்னும் வரவில்லை" என்று அழுதேன்.

அவள் முகம் மாறியது. என்னை இன்றுதான் பார்க்கிறாள், என் புருஷன் இந்தியாவில் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? சட்டென்று மழைக்கோட்டை மாட்டினாள், டார்ச்சை எடுத்தாள், அவரைத் தேட அந்தப் பேய்க்காற்றில் படியிறங்கப் போனாள். ஐயோ, நான் துடித்துப்போனேன். இடுப்போடு கட்டிப்பிடித்து உள்ளே இழுத்துப் போட்டேன். முதுகால் கதவை நெட்டி மூடி, சூசை பள்ளத்தில் இருக்கும்போது, என் கையாலேயே மேல்தாழும் கீழ்தாழும் போட்டேன். பிறகு தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன். மர்தாய் ஒன்றும் புரியாமல் என் தலையைத் துவட்டினாள்.

போன் உயிர்பெற நாளாயிற்று. பூத்துக்காரர் ஓடிப்போய் சூசையைக் கூட்டி வந்தார். அவர் குரல்தான். ஜுரத்தில் கரகரத்தாலும் அவர் குரலேதான்.

"இடுப்பளவு தண்ணியில நின்னுக்கினு ஓட்டனோம், பம்பு நிக்கல. பர்மனென்ட்டுக்குப் பேரு எழுதிக்கினாங்க" என்றார் பெருமையாக. எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. இனி ஒவ்வொரு கார்த்திகைக்கும் அவர் இறங்குவார் என்றுதான் தோன்றியது.

வெளிநாட்டு லைனில் குரல் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும், தெரியுமில்லையா? "நீங்க இங்க வந்துடுங்க" என்று நான் சொன்ன அதே நேரத்தில், "நீ கெளம்பி வந்துடு" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டு பக்கமும் யாரும் போனை வைக்கவில்லை.