ஒரு போனுக்காக இறக்கிய விமானம்

சின்ன விமானத்தை மூன்று ஜாக்குகளில் சமமாகத் தூக்கி, ஆட்டிப் பார்த்த பிறகே சக்கரத்தைக் கழற்ற என்னை அடியில் விட்டிருந்தார் எங்கள் ஹேங்கர் இன்ஜினியரம்மா. அப்போது விமானத்தின் சொந்தக்காரர் வந்தார்.

"சீட்ல போனை விட்டுட்டேன்மா. ஒரு நிமிஷம் ஏறி எடுத்துக்கறேன்."

"ஜாக்ல நிக்கறப்ப யாரும் ஏறக்கூடாது சார், சரிஞ்சிடும். ஸ்வல்ப நேரம் இருங்க, இறக்கிடறோம்."

இன்ஜினியரம்மா என்னை வெளியே வரச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். அவர் போனை எடுத்ததும் மறுபடி ஏற்றினோம். பொம்மனஹள்ளி வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சாப்பாடு ஆறிப்போயிற்று. எனக்கு இன்ஜினியரம்மா மேல் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்ப அடியில் போய் மல்லாந்தேன். மூக்குக்கு நேர் மேலே முழு விமானமும் அசையாமல் நின்றது.

வேலை முடிந்ததும், ஆறிய சாம்பார் சாதத்தில் பாதியை இன்ஜினியரம்மாவுக்குக் கொடுத்தேன்.