நாலு பேர் பார்த்த நிறம்

சங்கு முதலில் காதில் விழும். மில் வாசல் கண்ணில் படுவது அதற்குப் பிறகுதான். திண்டுக்கல் பக்கம் நூல் மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமக்குப் பகலில் தூக்கம் வராது, இரவில் மனசு ஓரிடத்தில் நிற்காது. அப்படிச் சுற்றுகிற மனசு திரும்பத் திரும்பப் போய் முட்டுகிற இடங்கள் இவை.

புளித்த சாம்பார்

கேன்டீனில் ஒருநாள் சாம்பாரை வாயில் வைத்ததுமே கெட்டுப்போன புளிப்பு. நிமிர்ந்து பார்த்தேன். நீள பெஞ்சில் இருபது பேர் பேசாமல் பிசைந்துகொண்டிருந்தார்கள். நானும் பிசைந்தேன். கை கழுவும்போது, என்னோடு கோன் செக்கிங்கில் நிற்கும் ஆரோக்கியத்திடம் மெதுவாகக் கேட்டேன்.

"அட, உங்களுக்குமா? அம்புட்டுப் பேரும் திங்கிறாய்ங்களே, என் நாக்குதான் செத்துப்போச்சுன்னுல்ல இருந்தேன்" என்றார்.

ஊதா விளக்கு

எங்கள் வேலை, நூல் சுற்றிய கோன்களை இருட்டறையில் ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பது. வேறு பஞ்சில் நூற்ற நூல் கலந்திருந்தால் அது மட்டும் வேறு நிறத்தில் ஒளிரும். அன்று வெளியே லாரி காத்திருந்தது. மூன்றாம் வரிசையில் ஒரு கோன் மஞ்சள் தட்டியது. "எல்லாம் ஒண்ணுபோலத்தான இருக்கு?" என்றார் பின்னால் நின்ற சூப்பர்வைசர். முதல் ஆள், "ஆமா சார்." இரண்டாவது ஆளும் ஆமா. ஆரோக்கியமும் ஆமா. என் முறை வந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மஞ்சள் எனக்கே கொஞ்சம் மங்கிவிட்டது. "ஆமா சார்" என்றேன்.

அவர் போனதும் ஆரோக்கியம் கண்ணைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "கடைசி ஆளு நீங்க, சொல்லிருவீங்கன்னுதான நான் விட்டேன்."

ஜோதி

அந்தச் சரக்கு திரும்பி வந்தது. நெய்த துணியில் கோடு விழுந்திருந்ததாம். நாங்கள் பாஸ் செய்த கோன்களைப் பெட்டியில் அடுக்கிய ஜோதி, வேறு கோனை மாற்றி வைத்துவிட்டாள் என்றார்கள். சித்தையன்கோட்டையிலிருந்து மில் வேனில் வருகிற பெண். சூப்பர்வைசர் எல்லாரையும் நிறுத்திக் கேட்டார்: "செக்கிங்ல கலப்பு நூல் யாரு கண்ணுலயாச்சும் பட்டுச்சா? இல்லன்னா இந்தப் பொண்ணு நாளைக்கு வர வேண்டாம்." ஒருத்தர் தலை குனிந்தார். வரிசையாக எல்லாத் தலையும் குனிந்தது.

காலையில் வேன் ஏறும் முன் ஜோதி என்னிடம் வந்தாள். திட்டியிருக்கலாம். "எல்லார் தலையும் டக்குனு குனிஞ்சிருச்சுண்ணே. உங்க தலை மட்டும் செத்த நேரம் கழிச்சுக் குனிஞ்சுச்சு, அத நான் பாத்தேன்" என்றாள்.

நாலு பேர் சேர்ந்து சொன்ன பொய்யை நாலாகப் பங்கு போட முடியாது, ஆளுக்கு ஒன்று முழுசாகவே வந்து சேர்கிறது என்று நினைத்துக்கொண்டே, அன்று இரவு அடுத்த கோனை விளக்கடியில் உருட்டினேன்.