வழிப்போக்கன் என்று ஒருவன்

கிரவீன் என்ற புறநகரில் சுஜீவாவைத் தெரியாத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. அன்னதானம் என்றால் முதல் ஆளாக வந்து வெங்காயம் உரிக்க உட்காருபவள் அவள். போரின் கடைசி நாட்களில் காணாமல் போன கணவன் சேகருக்காக, படகேறி இந்த நாட்டுக்கு வந்த பிறகும் குங்குமம் வைத்துக் காத்திருக்கிறாள் என்று சனம் அவளை மதித்தது. சேகரின் அக்கா சிவாஜினியோடுதான் வாசம். மச்சாள் அவளைக் கூடப்பிறந்தவளைப் போல வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை. இயந்திர இரைச்சலில் யாரோடும் கதைக்க முடியாது. மதியச் சாப்பாட்டு வேளையில் தனியே இருந்து கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தவள், பெயர் சொல்லாமல் பேசக்கூடிய தமிழ் அரட்டைத் தளம் ஒன்றுக்குள் ஒருநாள் போனாள். தனக்குத் ‘தும்பி’ என்று பெயர் வைத்துக்கொண்டாள். அங்கேதான் ‘வழிப்போக்கன்’ என்று ஒருவன் வந்து வணக்கம் சொன்னான்.

அவன் அவசரப்படவில்லை. ஊர் கேட்கவில்லை, வயது கேட்கவில்லை. சாப்பிட்டாளா, வேலை கடினமா என்று மட்டும் விசாரித்தான். மாதக்கணக்கில் இப்படியே போயிற்று. ஒரு குளிர்கால மதியம், யாரிடமும் சொல்லாததை அவனுக்கு எழுதினாள். சேகர் திரும்பி வருவான் என்ற நம்பிக்கை தனக்கு எப்போதோ விட்டுப்போய்விட்டது. வேலையிடத்தில் வான் ஓட்டும் டெனிஸ் சிரித்தால் அன்று முழுக்க மனம் லேசாக இருக்கிறது. எழுதி அனுப்பிவிட்டு அழுதாள்.

“நான் ஆர் எண்டு உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஆர் எண்டு எனக்குத் தெரியாது. பிறகென்ன பயம்?” என்று பதில் வந்தது.

குளிர் விட்டதும் முன்முற்றத்து ரோஜா பூத்தது. படம் எடுத்து அவனுக்கு அனுப்பினாள். முகமில்லை, ஆளில்லை, வெறும் பூ. வடிவு என்றான்.

அடுத்த கிழமை அவன் எழுத்தின் தொனியே மாறியிருந்தது. குப்பைத் தொட்டியில் வீட்டு இலக்கத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறீர்களே என்றான். அவள் பதறிப்போய் அந்தப் படத்தைத் திறந்தாள். பூவுக்குப் பின்னால், சிவப்பு மூடித் தொட்டியில், இலக்கம் தெளிவாகத் தெரிந்தது. தெருப் பெயரை அவள் சொன்னதே இல்லை. ஆனால் ரயில் சத்தம், எதிரே பள்ளிக்கூடம், மூலையில் கிரிக்கெட் வலை என்று ஒவ்வொன்றாக அவளே கொட்டியிருந்தாள். கோர்த்துப் பார்க்கிறவனுக்கு அது போதும்.

பதில் எழுதாமல் விட்டுப் பார்த்தாள். சனிக்கிழமை காலை உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது.

“நீலச் சட்டை வடிவாயிருக்கு.”

கொடியைப் பிடித்த கை அப்படியே நின்றது. வேலிக்கு அப்பால் ஒரு வெள்ளைக் கார் தெரிந்தது. அது நின்றிருந்ததா, போய்க்கொண்டிருந்ததா என்று அவள் நிதானிப்பதற்குள் தெரு வெறிச்சோடிவிட்டது.

பிறகு அவன் சுற்றி வளைக்கவில்லை. தான் சொல்கிறபடி படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றான். இல்லாவிட்டால் டெனிஸைப் பற்றி எழுதியதெல்லாம் சிவாஜினிக்குப் போகும். மச்சாளின் பெயரை சுஜீவா ஒருபோதும் எழுதியிருக்கவில்லை; தங்களைத் தெரிந்த யாரோ ஒருவன்தான் அவன்.

அறைக் கதவைப் பூட்டிவிட்டுக் கண்ணாடியின் முன் கைப்பேசியோடு நின்றாள். ஒரே ஒரு படம், அதோடு தொலைந்து போவான் என்று நினைத்தாள். சட்டையின் மேல் பொத்தானில் விரல் பட்டதும் அவளுக்கே விளங்கியது, இது ஒன்றோடு நிற்கப் போவதில்லை. கதவைத் திறந்து நேரே குசினிக்குப் போனாள். சிவாஜினி பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“மச்சாள், என்னைப் பற்றி ஒருத்தன் உங்களுக்கு எழுதப்போறான். அவன் எழுத முதல் நானே சொல்லுறன்.”

ஒன்றையும் மறைக்கவில்லை. சிவாஜினி கத்தியைக் கீழே வைத்தாள்.

“தம்பி வரமாட்டான் எண்டு எனக்கும் தெரியும், சுஜீவா. நீ நம்பிக்கொண்டிருக்கிறாய் எண்டுதான் நானும் நம்பிற மாதிரி இருந்தனான்.”

இருவரும் மாறி மாறி அழுதார்கள். சுஜீவா அந்தத் தளத்தையே கைப்பேசியிலிருந்து அழிக்கப் போனபோது சிவாஜினி தடுத்தாள். “ஒண்டையும் அழிக்காதை. வெளிக்கிடு, பொலிசுக்குப் போவம்.”

போர்க்காலத்திலிருந்தே சீருடை என்றால் சுஜீவாவுக்குப் பயம். மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனாள். அங்கிருந்த பெண் அதிகாரி தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பொறுமையாகக் கேட்டாள். செய்திகளைப் பிரதி எடுத்து வையுங்கள், இனிப் பதில் போடாதீர்கள், எந்தப் படமும் அனுப்பாதீர்கள் என்றாள். அவன் சொன்னபடியே சிவாஜினிக்கு எல்லாம் வந்து சேர்ந்தது. அவள் அதையும் கொண்டுபோய்ப் பொலிசில் கொடுத்தாள். அதற்குப் பிறகு வழிப்போக்கன் இல்லாமல் போனான். அந்தத் தளத்துக்கு அவன் கொடுத்திருந்த விவரம் எல்லாமே பொய் என்று பின்னர் தெரிந்தது. ஆள் அகப்படவில்லை.

தொழிற்சாலை வாசலில் டெனிஸ் இன்னும் சிரிக்கிறான். அவளால் முன்போல் பார்க்க முடிவதில்லை. தமிழ் தெரியாத இவனாகக்கூட இருக்குமோ என்ற எண்ணம் ஒரு கணம் வந்து போகிறது. வந்ததற்காக அவளுக்கே வெட்கமாகவும் இருக்கிறது.

அண்மையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனார்கள். மண்டபம் நிறையத் தெரிந்த முகங்கள். சுகம் விசாரித்தவர்களுக்கெல்லாம் ஓம், ஓம் என்று தலையாட்டினாள் சுஜீவா. அவள் கண்களோ, குனிந்து கைப்பேசியைத் தட்டுகிற ஒவ்வோர் ஆணின் கையிலும் போய் நின்று நின்று மீண்டன. சிவாஜினி அதைக் கவனித்தாள். தன் கதிரையை அவளருகே இழுத்துப் போட்டு, தானும் சபையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.