இலவம்பஞ்சுத் திண்டு

என் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளின் நடுவில், பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பேல் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்தபோது, அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை ஞாயிற்றுக்கிழமைத் துப்பாக்கிச் சுடும் கழகம்தான். அதிலும் மண் விழுந்தது. வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. இனி துப்பாக்கியின் உதையை அந்தத் தோள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இவர் கேட்கிற ஆளா? தோட்டாவில் வெடிமருந்தைக் குறைத்து அடைத்தால் உதையும் குறையும் என்றார். சனிக்கிழமைகளில் சமையலறை மேஜையில் சின்னத் தராசை வைத்துக்கொண்டு மருந்தை எடைபோடுவார். அவர் மேஜையை விட்டு எழுந்திருக்கும்வரை நான் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. மதியச் சோறு மூன்று மணிக்குத்தான். திட்டிக்கொண்டே என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்த தலையணையைப் பிரித்து, இலவம்பஞ்சை எடுத்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு திண்டு தைத்து, தோளில் சட்டைக்குள் வைத்துக்கொள்ளக் கொடுத்தேன்.

அது அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பழைய வேட்டைத் துப்பாக்கி. வெடித்ததும் குழல் பின்னால் ஓடி, வெறும் உறையை வெளியே தள்ள வேண்டும். இப்போது பாதி வழியிலேயே நின்றுவிட்டதாம். ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துவிட வேண்டியிருந்ததாம். "கெழவன் வேலை" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இறுக்கம் என்பது அவர் கட்சி.

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் மெஷின் பழுதுபார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். இரண்டாவது ஞாயிறு கழிந்ததும் இவர் ஸ்பிரிங்கை என்னிடம் கொடுத்து, இதைவிட மெல்லியது கிடைக்குமா என்று அவரிடம் கேட்டுவரச் சொன்னார்.

"எதின்ரை ஸ்பிறிங் அக்கா?"

"துப்பாக்கியோடது."

அவர் அதைச் சட்டென்று கீழே வைத்தார். "துவக்கோ? துவக்குச் சத்தம் வேண்டாமெண்டுதான் நான் இஞ்சை வந்தனான்."

ஆனாலும் விடவில்லை. எப்படி ஓடும், எங்கே நிற்கும் என்று துருவித் துருவிக் கேட்டார். திண்டைப் பற்றியும் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"பிழை ஸ்பிறிங்கிலை இல்லை அக்கா. தோள் சுவர் மாதிரி நிண்டால்தான் குழல் பின்னாலை ஓடும். பஞ்சை வைச்சால் முழுத் துவக்குமெல்லோ சேர்ந்து பின்னாலை போகுது! அண்ணையிட்டை அதை எடுக்கச் சொல்லுங்கோ."

நான் சொல்லவில்லை. உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. துப்பாக்கி இப்படியே மக்கர் செய்தால் மனுஷன் வெறுத்துப்போய் விட்டுவிடுவார், தோளாவது தப்பும் என்று கணக்குப் போட்டேன். மெல்லிய ஸ்பிரிங் கிடைக்கவில்லையாம் என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது சனிக்கிழமை தராசின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "மருந்தக் கூட்டிடப் போறேன். பழையபடி முழுசா" என்றார்.

யாழ்ப்பாணத்துக்காரர் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டேன். "அந்தத் திண்ட எடுத்துடுங்க. கொறஞ்ச மருந்துலயே ஓடுமாம்."

அவர் தலை நிமிரவில்லை. "தெரியும்."

"என்ன தெரியும்?"

"ரெண்டாவது வாரமே எடுத்துட்டுச் சுட்டுப் பாத்தேன். அஞ்சு தோட்டாவும் தடங்கல் இல்லாம ஓடுச்சி."

"அப்புறம் எதுக்கு என்னை ஸ்பிரிங்குக்கு அலைய விட்டீங்க?"

"எடுத்தா வலிக்குதுடி" என்றார்.

ஆஸ்பத்திரியில் தையல் பிரித்த அன்றுகூட அந்தச் சொல்லை அவர் சொன்னதில்லை. அளந்த மருந்தைத் திரும்ப டப்பாவில் கொட்டி மூடினார்.

மறுநாள் நானும் கூடப் போனேன். குறைந்த மருந்து, தோளில் திண்டு. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் இடது கையால் எட்டி, தானே இழுத்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. ஐந்தாவது தடவை இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் பார்க்காததுபோல் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.