எண் அட்டையின் பின்பக்கம்

அக்கா போய் ஒரு வருடம் முடிந்த வருஷாப்திகத்துக்கு வெயிலையும் பஸ் நெரிசலையும் பார்க்காமல் கரமனை வரை வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, போகும்போது இந்தச் சிறு மலரையும் வாங்கிக்கொண்ட உங்கள் அனைவருக்கும் தம்பியாகிய என் வணக்கம். இத்தகைய மலரில் மறைந்தவரின் பெருமைகளை எழுதுவது வழக்கம். நானும் எழுதுகிறேன். கூடவே, ஒரு வருடமாக உங்களிடம் நான் சொல்லிவந்த ஒரு பொய்யையும் இங்கே திருத்தியாக வேண்டும்.

அக்கா பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், தாமிரபரணிக் கரையில். அப்பாவுக்குக் கிழக்கேகோட்டையில் கோவில் மடப்பள்ளி வேலை கிடைத்து இந்த மலையாளக் கரைக்கு வந்தபோது அக்காவுக்கு நான்கு வயது. நான் கரமனையில் பிறந்தவன். அப்பாவின் சம்பளத்தில் இரண்டு பேரைக் கல்லூரிக்கு அனுப்ப முடியாது என்று தெரிந்ததும், அக்கா ப்ரீ டிகிரியோடு படிப்பை நிறுத்திக்கொண்டு தபால் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நான் இஞ்சினியரிங் படித்தேன். இதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா படுக்கையில் கிடந்த ஒன்பது வருடமும் அவர்தான் பார்த்துக்கொண்டார். எனக்குக் கழக்கூட்டத்தில் வேலை, அங்கேயே ஃப்ளாட். மாதத்தில் ஒரு நாள் வந்து காப்பி குடித்துவிட்டுப் போவேன். அம்மா போன பிறகு அந்த வீட்டில் அக்கா ஒருவர்தான். சர்க்கரைக்காக நடக்கச் சொன்னார் டாக்டர். நடக்கப் போனவர் ஓட ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. விடிவதற்கு முன்பே எழுந்து, வாசலில் கோலம் போட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரை வழியாகக் கிளம்பிவிடுவார். அக்ரஹாரத்தில் முதலில் சிரித்தார்கள், அப்புறம் பழகிப்போனார்கள். எனக்குத்தான் பழகவில்லை. ‘இந்த வயதில் இது தேவையா’ என்று பார்ப்பவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

மலைத் தோட்டங்களில் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஓர் அமைப்புக்காக அவர் மாரத்தான் ஓடத் தொடங்கினார். பணம் திரட்ட அவர் கண்டுபிடித்த வழி, கிலோமீட்டர்களை விற்பது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர், நாற்பத்திரண்டு பேர். பெயர்களை வரிசையாகச் சீட்டில் எழுதி இடுப்புப் பையில் வைத்துக்கொள்வார். யாருடைய கிலோமீட்டரோ, அதை ஓடி முடிக்கும்வரை அவரையே நினைத்துக்கொள்வார். இதைப் படிக்கும் பலர் அப்படி வாங்கியவர்கள்தான். “மாமி, உங்களுக்கு இருபத்தேழாவது. நல்ல ஏத்தமாக்கும். உங்களைத் திட்டிண்டேதான் ஓடுவேன், கேட்டேளா?” என்று அவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்.

மாரத்தானில் நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கு மேல் இன்னும் கொஞ்சம் தூரம் உண்டு. “அந்த மிச்ச நூத்தித் தொண்ணூத்தஞ்சு மீட்டர் யாருக்கு வித்தாச்சு?” என்று ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன்.

“அது விக்கறதுக்கில்லடா. அது எனக்கு. நீ பணமெல்லாம் அனுப்ப வேண்டாம், ஒரு தடவை அங்க வந்து நின்னா போறும்.”

நான் பணம்தான் அனுப்பினேன். ஒவ்வொரு வருடமும் அனுப்பினேன். ஒருமுறைகூடப் போய் நிற்கவில்லை.

ஓடுபவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டையின் பின்பக்கத்தில், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று எழுத ஓர் இடம் இருக்கும். முதல் மாரத்தானில் அக்கா என் எண்ணை எழுதியிருந்தார். முப்பத்தோராவது கிலோமீட்டரில் தடுக்கி விழுந்து முழங்காலில் அடி. இரவெல்லாம் அலுவலக வேலை பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த என்னை அழைத்தார்கள். போனேன். காரில் ஏற்றிய கையோடு கத்தினேன். “ஞாயித்துக்கிழமை ஒரு நாள் நிம்மதியாத் தூங்க விடமாட்டியா? இந்தக் கூத்துக்கெல்லாம் இனிமே என் நம்பரை எழுதாதே!”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “சரிடா,” என்றார்.

அவருடைய ‘சரி’ என்ன என்பது தபால் அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். சொன்னால் சொன்னதுதான். அதன் பிறகு எட்டு மாரத்தான் ஓடினார்.

கடைசி ஓட்டம் நடந்த ஞாயிறன்று நான் தூங்கக்கூட இல்லை. காய்கறி வாங்கக் காரில் கிளம்பி, ஓட்டத்துக்காகச் சாலையை அடைத்திருக்கிறார்கள் என்று போலீஸ்காரர் திருப்பிவிட்டதால் எரிச்சலோடு வீட்டுக்கு வந்து, கைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். அதே சாலையில் சற்றுத் தள்ளி, நாற்பதாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மதியம்தான் அந்த அமைப்பின் அலுவலகத்தில் யாரோ என் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

எண் அட்டையை என் கையில் கொடுத்தார்கள். திருப்பிப் பார்த்தேன். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணாகக் கரமனை வீட்டு லேண்ட்லைன் எண்ணை எழுதியிருந்தார். நிரப்பாத படிவங்களை முப்பது வருடம் கவுண்டரில் திருப்பிக் கொடுத்தவர். எந்தப் படிவத்திலும் ஓர் இடத்தைக் காலியாக விட அவருக்குக் கை வராது. என் எண்ணையும் எழுதக்கூடாது. அதனால், தான் ஒருவர் மட்டுமே இருக்கும் வீட்டின் எண்ணை எழுதிவிட்டார். பூட்டிய வீட்டில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்ததைச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மாமி கேட்டிருக்கிறார். அக்கா ஓடப் போயிருப்பது தெரியும் என்பதால் பேசாமல் இருந்துவிட்டார். மாமி, அதற்காக நீங்கள் இனியும் அழக்கூடாது.

ஓட்டத்தில் தன்னார்வலராக நின்ற ஒரு கல்லூரிப் பெண்தான் ஆம்புலன்சில் கூடப் போனவர். மூன்றாவது முறை அவர் அந்த எண்ணை அழைத்தபோது அக்கா, “அது என்றெ வீட்டு நம்பரா மோளே, எடுக்கான் ஆரும் இல்ல” என்று மலையாளத்தில் சொன்னாராம். அது என் வீட்டு நம்பர்தான் மகளே, எடுக்க யாரும் இல்லை என்று. வேறு யாருமே இல்லையா என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறார். தம்பி இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, “ஞாயறாழ்ச்சயல்லே, அவன் உறங்ஙட்டெ” என்றாராம். ஞாயிற்றுக்கிழமை அல்லவா, அவன் தூங்கட்டும்.

சொல்ல வந்த பொய் இதுதான். கடைசி நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று காரியத்துக்கு வந்தவர்கள் கேட்டபோது, “நான் இருந்தேன்” என்றேன். நான் இல்லை. சீக்கிரம் வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். இருக்கலாம். கையையாவது பிடித்துக்கொண்டிருப்பேன். அந்த வேலையையும் முன்பின் தெரியாத ஒரு பெண்தான் செய்தார். பிறகு நான் மன்னிப்புக் கேட்டபோதுகூட, “சேச்சி ஒற்றைக்கல்லாயிருந்நு, ஞான் உண்டாயிருந்நு” என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அக்கா தனியாக இல்லை, நான் இருந்தேன் என்று. இந்த மலரில் முதல் நன்றி அவருக்கு.

கிலோமீட்டர் வாங்கிய எல்லோருக்கும் நன்றி. அக்கா ஓடி முடிக்காத நாற்பத்தொன்றையும் நாற்பத்திரண்டையும் வாங்கியிருந்த இருவர், பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றதும் கோபித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் நன்றி. பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஓட்டக் குழு நண்பர்களுக்கு நன்றியோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களில் தனியாக இருப்பவர்கள் நான்கு பேர், நான் கேட்டுக்கொண்டபடி, இப்போது எண் அட்டையின் பின்பக்கத்தில் என் எண்ணை எழுதுகிறீர்கள். ஓட்டம் நடக்கும் ஞாயிறுகளில் விடிவதற்கு முன்பே எழுந்து, கைபேசியை மேஜைமேல் வைத்துக்கொண்டு கரமனை வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கடைசி ஆள் முடித்துவிட்டார் என்று தெரியும்வரை குளிக்கக்கூடப் போவதில்லை. இதுவரை யாரும் அழைத்ததில்லை. அழைக்காமலே இருக்கட்டும்.

ஆனால் அழைத்தால், முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன், அக்கா. நான் தூங்கவில்லை.