ஆய்வுகூடத்துத் திரை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய் இல்லாவிட்டால் நான் பௌதிகம் படித்திருக்க மாட்டேன் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆகையால் அதைப் பற்றி இப்போது யாரும் குறை சொல்வதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனையில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தரம் படித்தேன். பெண்கள் பாடசாலையில் பௌதிகம் படிப்பிக்க ஆளில்லாததால் எங்கள் மூன்று பேரை ஆண்கள் பாடசாலையில் சேர்த்துக்கொண்டார்கள். சும்மா சேர்க்கவில்லை. பெற்றோர் சங்கம் கூடி, ஆண்பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் நடுவில் திரை கட்டுவது என்று முடிவெடுத்த பிறகே சேர்த்தார்கள். மருதமுனைத் தறியில் நெய்த தடித்த வெள்ளைத் துணி. வகுப்பிலும் ஒன்று, ஆய்வுகூடத்திலும் ஒன்று. வகுப்புத் திரையால் எனக்கு ஒரு தொந்தரவும் இருக்கவில்லை, உண்மையைச் சொன்னால் வசதியாகவே இருந்தது. இந்தப் பக்கம் நாங்கள் மாங்காய்க் கீற்றை உப்பில் தொட்டுத் தின்றபடி கணக்குச் செய்தோம். அந்தப் பக்கம் அவர்கள் எங்களைவிட மெதுவாகச் செய்தார்கள்.

ஆய்வுகூடத்தில் நேரம் அளக்க எங்களிடம் இருந்தது ஒரு நிறுத்தற் கடிகாரம். துரொல்லி என்று நாங்கள் சொல்லும் சில்லு வண்டியைச் சாய்வுப் பலகையில் ஒருத்தி விடுவாள், மற்றவள் கடிகாரத்தை அமத்துவாள். இருவரும் சேர்ந்து பிஸ்மி சொல்லி, அது முடிகிற இடத்தில் அவள் விட, இவள் அமத்துவது என்று ஓர் ஒழுங்கு வைத்திருந்தோம். எந்த வேலையையும் பிஸ்மி சொல்லித் தொடங்கித்தானே எங்களுக்குப் பழக்கம். அப்படியும் விடை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாக வரும். ஒருத்தியின் கை பிந்தும், இன்னொருத்திக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்த பரிசோதனைகளை, சேர் என்று நாங்கள் கூப்பிடும் ஆசிரியர் கணக்கில் எடுக்க மாட்டார்.

பிறகுதான் கொழும்பிலிருந்து அந்த மரப்பெட்டி வந்தது. காரைதீவிலிருந்து சைக்கிளில் வரும் எங்கள் பௌதிக சேர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகவில்லை. வைக்கோலை விலக்கி அவர் வெளியே எடுத்தது ஒரு டிஜிட்டல் டைமர். அதனோடு ‘ப’ போல இரண்டு சட்டங்கள். சட்டத்தின் ஒரு காலில் சின்ன விளக்கு, எதிர்க்காலில் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒளிக்கண். துரொல்லியின் முதுகில் ஒரு மட்டையைக் குத்தி விட்டால், அது முதல் சட்டத்தின் வெளிச்சத்தை மறைத்ததும் எண் ஓடத் தொடங்கும், இரண்டாவதை மறைத்ததும் நிற்கும். செக்கனை ஆயிரமாகக் கூறு போட்டுச் சிவப்பு எழுத்தில் காட்டும். கையும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம். எனக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. யாருடைய கை பிந்தியது என்று சண்டை பிடிக்க முடியாத ஒரு சாமான் உலகத்தில் இருக்கிறதே என்று சந்தோசப்பட்டேன்.

தொல்லை திரையால் வந்தது. ஆய்வுகூடத்தில் நீளமான மேசை ஒன்றுதான், அதுவும் சீமெந்தில் கட்டியது. திரை அதன் நடுவால் போனது. பலகையின் மேல் பாதி எங்கள் பக்கம், கீழ்ப் பாதி ஆண்பிள்ளைகள் பக்கம். துரொல்லி நுழைந்து போகத் துணியை வெட்டி ஒரு வாசல் விட்டோம். வெட்டிய துணி இரண்டு பக்கமும் ஆட்டுக்காது மாதிரித் தொங்கியது. அது கச்சான் காற்று அடிக்கும் காலம். முற்பகல் பத்து மணிக்கெல்லாம் மாவடிப்பள்ளி வயல் பக்கமிருந்து சூடான காற்று கிளம்பி, கம்பிவலை மட்டும் அடித்த யன்னல்களால் உள்ளே வரும். துணிக்காது எழும்பி இரண்டாவது சட்டத்துக்குள் விழும். வெளிச்சம் மறையும், எண் நிற்கும், துரொல்லி இன்னும் பாதி வழியில் வந்துகொண்டிருக்கும்.

சட்டத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தோம். அப்போது துணி துரொல்லியின் மட்டையில் உரசி அதன் வேகத்தைக் குறைத்தது. ஊசி குத்தினோம், கச்சான் பிய்த்துவிட்டது. அந்தப் புதன்கிழமை முழுவதும் இதே கூத்துத்தான். அந்தப் பக்கமிருந்து ஒருவன், பெண்கள் பக்கத்தில்தான் பிழை என்று முணுமுணுத்தான். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. உட்காரும் வாங்கில் ஏறி, கயிற்றை அவிழ்த்து, திரையைச் சுருட்டி மூலையில் போட்டேன். துரொல்லியை விட்டேன். திரும்பத் திரும்ப விட்டேன். சிவப்பு எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் ஒன்றிரண்டு கூடிக் குறைந்தது, மற்றதெல்லாம் அச்சொட்டாக ஒன்று. முணுமுணுத்தவனைப் பார்த்து இப்போது யார் பிழை என்று கேட்டேன். திரையைக் கழற்றியதற்கு இன்றைக்கும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நான் வீட்டுக்குப் போகுமுன் சேதி போய்விட்டது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பாவைப் பெற்றோர் சங்கத்துத் தலைவர் பள்ளிவாசல் படியிலேயே பிடித்துச் சொல்லிவிட்டார். வாப்பாவுக்குக் கல்முனைப் பசாரில் பலசரக்குக் கடை. அதிகம் கதைக்காத மனிதர். அன்றைக்கும் அதிகம் கதைக்கவில்லை.

"நாளையிலிருந்து வீட்ட இரி மகள். படிச்சது போதும்."

மற்ற இரண்டு பேரையும் அவர்கள் வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று மறுநாள் கேள்விப்பட்டேன். பரீட்சைக்கு ஒரு வருசம்கூட இல்லை, வேறு பாடசாலையும் இல்லை. இதோடு என் படிப்பு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உம்மா, எதிர்த்துக் கதைக்காதே என்று கெஞ்சினா. சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுக்கும் ரகமில்லை நான். நன்றாகச் சாப்பிட்டேன், கை கழுவிவிட்டு வந்து வாப்பாவிடம் மறுபடி கேட்டேன். காலையில் கேட்டேன், மத்தியானம் கேட்டேன், கடை பூட்டி வந்ததும் கேட்டேன். கேட்டது ஒன்றுதான்.

"ஒரு தரம் வந்து பாருங்க வாப்பா. பாத்துட்டும் போதும் எண்டு சொன்னா நான் மறு கத கதைக்க மாட்டன்."

என் தொல்லை தாங்காமல்தான் வந்தார் என்று உம்மா பிற்பாடு சொல்லிச் சிரிப்பா. அடுத்த புதன்கிழமை பாடசாலை விட்ட பிறகு வாப்பாவும் நானும் ஆய்வுகூடத்துக்குப் போனோம். சேர் மட்டும் இருந்தார். திரை பழையபடி தொங்கியது. வாப்பாவுக்கு எது விளக்கு, எது ஒளிக்கண் என்று காட்டினேன். அவர் முதல் சட்டத்தின் நடுவில் விரலை வைத்து எண் ஓடுவதைப் பார்த்தார், எடுத்து இரண்டாவது சட்டத்தில் வைத்து அது நிற்பதைப் பார்த்தார். பிறகு திரையோடு துரொல்லியை விட்டேன். காற்று தன் வேலையைக் காட்டியது. ஒரு தடவை வந்த எண் மறு தடவை வரவில்லை. திரையைக் கழற்றிவிட்டு மறுபடி துரொல்லியை விட்டேன். எண்கள் ஒழுங்காக வந்தன. தானும் ஒரு தடவை விடுவதாகச் சொல்லி, உடுத்திருந்த சாரத்தை ஒதுக்கிக்கொண்டு குனிந்து, பிஸ்மி சொல்லி விட்டார். அவருக்கும் அதே எண்.

வாப்பா சேரிடம், கடையில் ஏலம் கராம்பு நிறுக்கும்போது தான் மின்விசிறியை நிறுத்திவிடுவதாகச் சொன்னார். தட்டில் காற்றுப் பட்டால் நிறுவை பிழைக்கும், பிழையான நிறுவை ஹராம். அதைச் சொல்லிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தத் திரைய எடுத்திருங்க சேர். அதுக்குப் பதிலா நான் வந்து இரிக்கன்."

சேர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தார். வாப்பா அப்படி விளையாடும் ஆளில்லை. அன்று மாலையே மற்ற இரண்டு வீட்டுக்கும் போய், தன் இரண்டு கண்ணும் அங்கே இருக்கும், பிள்ளைகளை அனுப்புங்கள் என்று கேட்டார். ஒரு வீட்டில் உடனே சரி என்றார்கள். மற்ற வீட்டில் தேத்தண்ணி கொடுத்து இழுத்தடித்தார்கள். வாப்பா இரண்டாவது கோப்பையும் குடித்துவிட்டு அப்படியே இருந்தாராம். கடைசியில் அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு புதனும் வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். மேசைக்குப் பின்னால், எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில், கதிரையைப் போட்டு உட்கார்ந்து பத்திரிகை படித்தார். முதல் நாள் பத்திரிகையை விரிக்கிற வேகத்தில் அதன் மூலை போய் வெளிச்சத்தை மறைத்துவிட்டது. நான் வாப்பா என்றும் பார்க்காமல் ஏசிவிட்டேன். மறு கிழமையிலிருந்து பத்திரிகையை நாலாக மடித்துத்தான் படித்தார். துணித்திரை இருந்த காலத்தில் கிசுகிசுத்த ஆண்பிள்ளைகள் இந்தத் திரைக்கு முன்னால் மூச்சுவிடவும் யோசித்தார்கள். எங்கள் பாடு கொண்டாட்டம். பொருள் விழும்போது வேகம் கூடும் அளவான ஈர்வை ஆர்முடுகலைப் பாடப்புத்தகத்தில் இருக்கிற எண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம்.

ஆனால் சங்கத்துத் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. குறை சொல்ல முடியாத மனிதர், பாடசாலைக்கு ஓடு போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். திரை என்று தீர்மானித்தால் திரைதான், ஆளுக்கு ஆள் மாற்ற முடியாது, தானே வந்து பார்த்துவிட்டு எங்கள் மூவரையும் நிறுத்தச் சொல்லப் போவதாகச் சொல்லி அனுப்பினார். சொன்ன மாதிரியே ஒரு புதன்கிழமை குடையோடு வந்து வாசலில் நின்றார். அப்போது நான் துரொல்லியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நேராக மேசையை நோக்கிக் காலடி எடுத்து வைத்தார். வாப்பா கதிரையிலிருந்து எழும்பவில்லை, கையை மட்டும் உயர்த்தினார்.

"அங்கயே கொஞ்சம் நில்லுங்க ஹாஜியார். வெளிச்சத்த மறைச்சிராதீங்க. புள்ளையள் அளக்குதுகள்."

தலைவர் அப்படியே நின்றார். சேர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். துரொல்லியை விட்டேன். அது இரண்டு சட்டத்தையும் கடந்து போய்க் கீழே முட்டிய பிறகுதான் தலைவர் வாயைத் திறந்தார். அவர் எங்களை ஒன்றும் கேட்கவில்லை, வாப்பாவைத்தான் கேட்டார்.

"கடையப் பூட்டிப் போட்டு எவ்வளவு காலத்துக்குத் தம்பி இப்பிடி வந்து இரிக்கப் போறீங்க?"

"மகள் கெம்பசுக்குப் போகும் மட்டும்."

தலைவர் வாப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸலாம் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். சங்கத்திலிருந்து அதற்குப் பிறகு ஒரு சேதியும் வரவில்லை. பல்கலைக்கழகத்துக்கு நாங்கள் சொல்லும் கெம்பஸ் என்ற சொல்லை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் மனதுக்குள்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சேர் என்னை எண்ணை வாசிக்கச் சொன்னார். டைமரைப் பார்த்தேன், கண் நிறைந்து எல்லாம் ஒரே சிவப்பாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்றவள்தான் வாசித்தாள்.